மாசு ஆய்வு, வகுப்பறை, குழுப் பணி: மூன்றையும் ஒருவரே சுமப்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: நுண்துகள்

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் ஒட்டியிருக்கும் உலோகங்களையும், ஆலைகள் நிறைந்த பகுதியைக் கடந்து ஓடும் ஓர் ஆற்றின் நீரில் கலந்திருக்கும் உலோகங்களையும் ஒன்பது ஆண்டுகளாக அளந்து வருகிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் வகுப்பு எடுக்காமல் ஒரு பருவம்கூடக் கழிந்ததில்லை. இப்போது இளநிலை வகுப்பு ஒன்றும் முதுநிலை வகுப்பு ஒன்றும் ஆய்வக வகுப்பு ஒன்றும் என் பொறுப்பில் உள்ளன. முனைவர் பட்ட மாணவர்கள் நால்வருக்கு நெறியாளராக இருக்கிறேன். இவற்றோடு பாடத்திட்டக் குழு, சேர்க்கைக் குழு, வேதிப்பொருள் பாதுகாப்புக் குழு என ஐந்து குழுக்களில் உறுப்பினராகவும் இருக்கிறேன்.

என் இடர்ப்பாட்டை விளக்க எங்கள் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஆறு நாளுக்கு ஒருமுறை, 24 மணி நேரம் காற்றை உள்ளிழுத்து, துகள்களை வடிதாளில் சேகரிக்கிறோம். ஆறு நாள் இடைவெளி வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்படி வைத்தால் 42 நாட்களுக்குள் வாரத்தின் ஏழு கிழமைகளும் ஒவ்வொரு முறை வந்துவிடுகின்றன; வேலை நாளின் புகையும் ஓய்வு நாளின் புகையும் அவற்றுக்குரிய விகிதத்தில் பதிவாகின்றன. ஆனால் வகுப்பு அட்டவணை ஏழு நாள் சுழற்சியில் இயங்குகிறது. ஆகவே இந்த வாரம் வியாழக்கிழமை வரும் மாதிரி நாள், அடுத்த வாரம் புதனுக்கும் அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கும் நகர்ந்து, ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு வகுப்பின் மீதோ கூட்டத்தின் மீதோ வந்து விழுகிறது.

சென்ற பருவத்தில் நடந்ததுதான் என்னை இந்தக் கேள்வியை எழுத வைத்தது. நீண்ட வறட்சிக்குப் பிறகு ஆற்றில் முதல் வெள்ளம் வந்த நாளன்று பாடத்திட்டக் குழுவின் கூட்டம் மாலை வரை நீண்டுவிட்டது. படுகையில் மாதக்கணக்காகப் படிந்திருந்த வண்டலை அந்த முதல் நீர்தான் கிளறி எடுத்துச் செல்லும். அதன் முதல் சில மணி நேரங்களில்தான் உலோகங்களின் அளவு உச்சத்தைத் தொடும். நாங்கள் மறுநாள் காலை சென்றபோது அந்த உச்சம் கடந்துபோயிருந்தது. அந்த ஒரு நாளை எந்த நிதியைக் கொண்டும் இனி மீட்க முடியாது. அதே பருவத்தின் இறுதியில், விடைத்தாள் திருத்தும் நெருக்கடியில், பாதரசம் அளப்பதற்காக எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு புட்டிகள் அவற்றுக்குரிய 28 நாள் கெடுவைத் தாண்டிவிட்டன. அவற்றை எடுத்து வந்த மாணவியிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். ஆய்வின் அளவைக் குறைத்துக்கொள்வதா, குழுப் பணிகளை மறுப்பதா, வகுப்புகளையே ஆய்வோடு இணைத்துவிடுவதா? மூன்றாவது வழியைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மாணவர்களை என் ஆய்வுக்குக் கூலியில்லாத கைகளாக மாற்றிவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

மறுமொழி 1
எழுதியவர்: பழைய நெறியாளர்

அன்புள்ள பேராசிரியருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர் மாசு ஆய்விலும் ஆசிரியப் பணியிலும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆய்வு, கற்பித்தல், நிர்வாகப் பணி என்று மூன்றாகப் பிரித்து நேரத்தைப் பங்கிடச் சொல்வது பல்கலைக்கழகங்களின் வழக்கம். நாற்பது விழுக்காடு, நாற்பது விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பல இடங்களில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை கணித ஆசிரியருக்கோ வரலாற்று ஆசிரியருக்கோ ஓரளவு பொருந்தலாம். மாசை அளப்பவருக்குப் பொருந்தாது. நமக்கு வேண்டிய பிரிவினை வேறு. காத்திருக்கும் வேலை எது, காத்திருக்காத வேலை எது என்று பிரிக்க வேண்டும். கட்டுரை காத்திருக்கும். குழு அறிக்கை, நாம் விரும்பாவிட்டாலும், காத்திருக்கும். வகுப்பு காத்திருக்காது. அடைக்கப்பட்ட புட்டிக்குள் இருக்கும் நீரும் காத்திருக்காது.

அந்த நீருக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அறியமாட்டார்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவை, அளக்க எடுத்த மாதிரியைக் குளிரில் வைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். அமிலம் சேர்க்காத நைட்ரேட் மாதிரிக்கும் அதே 48 மணி நேரம்தான். பாதரசத்துக்கு நீங்கள் சொன்ன 28 நாள். நைட்ரிக் அமிலம் சேர்த்து நீரின் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவந்து நன்கு அமிலமாக்கிவிட்டால் மற்ற உலோகங்கள் பெரும்பாலும் ஆறு மாதம் தாங்கும். காற்று வடிதாள்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறை, மாதிரி எடுத்து முடிந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் எடை பார்க்கச் சொல்கிறது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்திருந்தால் 30 நாள் வரை இடம் கொடுக்கிறது. இந்தக் கெடுக்களை ஒரே தாளில் எழுதி அதன் அருகில் பருவத்தின் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். உங்கள் ஆண்டில் எந்த வாரங்களில் ஆபத்து இருக்கிறது என்பது பருவம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். விடைத்தாள் திருத்தும் மூன்று வாரங்களில் பாதரசப் புட்டிகளை நிரப்பவே கூடாது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றேன். அந்த வாரங்களில் ஆறு மாதம் தாங்கும் உலோகங்களுக்கு மட்டும் மாதிரி எடுத்தோம்.

ஆக்சிஜன் தேவைச் சோதனையில் இன்னொரு சிறு கணக்கு உண்டு. அது 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் அடைகாக்கும் சோதனை. திங்களன்று வைத்தால் சனியன்றும், செவ்வாயன்று வைத்தால் ஞாயிறன்றும் யாராவது வந்து அளக்க வேண்டும். புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களில் மட்டும் சோதனையைத் தொடங்கினால் முடிவுகள் திங்கள், செவ்வாய், புதன் கிழமைகளில் வந்து நிற்கும். இவ்வளவு எளிய செய்தியைக் கவனிக்காமல் எத்தனை ஆய்வு மாணவர்களின் ஞாயிற்றுக்கிழமைகளை நான் பறித்திருக்கிறேன் என்று எண்ணும்போது இப்போதும் வருந்துகிறேன்.

ஆறு நாள் சுழற்சியை எக்காரணத்துக்காகவும் ஏழு நாளாக மாற்றிவிடாதீர்கள். வசதிக்காக அப்படிச் செய்தவர்களை அறிவேன். அவர்களிடம் பல ஆண்டுத் தரவு இருந்தும், அது முழுவதும் ஒரே கிழமையின் காற்றாகப் போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 60 அல்லது 61 மாதிரி நாட்கள்தானே வருகின்றன, அவற்றை முன்கூட்டியே அச்சிட்டு, தேர்வு அட்டவணையைக் கொடுப்பதுபோல் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நாட்களின் காலை நேரத்தில் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் கேட்டால் அது சலுகையாகத் தோன்றும். நாட்காட்டியாகக் கொடுத்தால் அது பணித் திட்டம் ஆகிவிடும்.

வெள்ளத்துக்கு நாட்காட்டி கிடையாது. அதற்கு நீர்மட்டம் உயர்ந்தவுடன் தானாக இயங்கிப் புட்டிகளை நிரப்பும் கருவியைத்தான் நம்ப வேண்டும். அதற்கு நிதி இல்லையென்றால் அளவிடும் இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எட்டு இடங்களில் இடைவெளிகளோடு கிடைக்கும் தரவைவிட, மூன்று இடங்களில் ஆண்டு முழுவதும் அறாமல் கிடைக்கும் தரவு மதிப்புமிக்கது. சார்லஸ் கீலிங் 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹவாயின் மவுனா லோவா மலையில் தொடங்கிய கரியமில வாயு அளவீட்டை எண்ணிப் பாருங்கள். உலகமே அறிந்த அந்த வளைகோட்டிலும் 1964ஆம் ஆண்டின் வசந்தத்தில் நிதி வெட்டினால் சில மாதங்கள் வெற்றிடமாக இருக்கின்றன. அவர் அதன் பிறகு அதை விடாமல் காத்தார் என்பதால்தான் அந்த வளைகோடு இன்று பேசுகிறது.

மறுமொழி 2
எழுதியவர்: ஆய்வக வகுப்பு

முதல் மறுமொழியில் ஐயா எழுதியவற்றோடு உடன்படுகிறேன். கேள்வி கேட்டவரின் கடைசி அச்சத்துக்கு மட்டும் விடையளிக்க விரும்புகிறேன், ஏனெனில் ஏழு ஆண்டுகளாக இளநிலை ஆய்வக வகுப்பை உண்மையான மாதிரிகளைக் கொண்டே நடத்தி வருகிறேன்.

பழைய ஆய்வக வகுப்பில் விடை முன்பே தெரியும். ஆசிரியர் கரைத்து வைத்த ஈயத்தின் அளவை மாணவர் கண்டுபிடித்துச் சொல்வார். பொருந்தினால் மதிப்பெண் கிடைக்கும். விடை எவருக்கும் தெரியாத மாதிரியைக் கொடுக்கும்போது வகுப்பின் தன்மையே மாறுகிறது. வந்த எண்ணை எப்படி நம்புவது என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புகிறார்கள். அங்கேதான், தூய நீரை அதே முறையில் அளந்து பார்க்கும் வெற்று மாதிரியையும், ஒரே நீரை இருமுறை அளந்து பார்க்கும் இரட்டை மாதிரியையும் அறிமுகப்படுத்துகிறேன். அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட முயன்ற கதையை அப்போது சொல்வேன். விண்கல்லில் இருந்த ஈயத்தை அளக்க முயன்றவருக்கு ஆய்வகத்தின் காற்று, கண்ணாடிக் குடுவைகள், வேதிப்பொருட்கள் என எங்கிருந்தும் ஈயம் வந்து கலந்துகொண்டே இருந்தது. அந்தக் கலப்பை விலக்குவதற்கென்றே மிகத் தூய்மையான ஆய்வகத்தை அமைத்து, 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். தொல்லையாக வந்த அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அவரைப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயத்தின் பக்கம் திருப்பியது. சுற்றுச்சூழலில் ஈயத்தின் அளவு மனிதரால் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று 1965இல் அவர் எழுதிய கட்டுரை பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெற்று மாதிரி என்பது வெறும் சடங்கு என்று எண்ணிய மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்டபின் அதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

ஆனால் எல்லைகள் வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பில் முதன்முறையாகப் பிபெட்டைப் பிடிக்கும் நாற்பது மாணவர்களின் முடிவுகளை உங்கள் முதன்மைத் தரவில் சேர்க்கலாகாது. நான் ஒரே ஆற்று நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பயிற்சி பெற்ற ஆய்வு மாணவர் அளக்கவும் மறு பங்கை வகுப்பு அளக்கவும் செய்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் வகுப்பின் எண்கள் துணைத் தரவாகப் பயன்படும். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று ஆராய்வதே அந்த வாரத்தின் பாடம். மதிப்பெண்ணை முடிவுக்குத் தராமல், குறிப்பேட்டின் நேர்மைக்கும் பிழையைக் கணக்கிட்ட முறைக்கும் தருகிறேன். முடிவுக்கு மதிப்பெண் கொடுத்தால் அவர்கள் எண்ணைத் திருத்தத் தொடங்குவார்கள், அதற்கு நாமே காரணமாவோம்.

கூலியில்லாத கைகள் என்று நீங்கள் எழுதியது சரியான சொல். எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. இந்தப் பணியை நாளை நான் ஊதியம் கொடுத்து ஒருவரிடம் செய்வித்துவிட்டால், இந்த மாணவர் கற்க வேண்டியது எதையாவது இழப்பாரா என்று கேட்டுக்கொள்வேன். புட்டிகளைக் கழுவுவதை ஒருமுறை செய்தால் கல்வி. இருபது முறை செய்தால் உழைப்பு. இரண்டாவது வகைக்கு ஊதியம் தர வேண்டும் அல்லது வேறு ஆளைத் தேட வேண்டும். தம் எண்கள் கட்டுரையில் இடம்பெறுமானால் மாணவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், நன்றியுரையிலோ ஆசிரியர் வரிசையிலோ அவர்களுக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும்.

வகுப்பும் ஆய்வும் மக்கள் பணியும் ஒன்றாகச் சேர்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக நான் கருதுவது 2015இல் அமெரிக்காவின் பிளின்ட் நகரில் நடந்த குடிநீர் ஆய்வு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸின் குழுவினரும் மாணவர்களும் மாதிரிப் பெட்டிகளை ஆயத்தம் செய்து அனுப்பினார்கள். குழாயைத் திறந்தவுடன் ஒரு புட்டி, 45 விநாடிகளுக்குப் பின் ஒரு புட்டி, 2 நிமிடங்களுக்குப் பின் ஒரு புட்டி என்று மக்களே நீர் பிடித்துக் கொடுத்தார்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளின் நீர் அளக்கப்பட்டு, ஈயத்தின் அளவு வெளியானது. அங்கே மாணவர்கள் ஆற்றிய பணி புட்டி கழுவுவதோடு நின்றுவிடவில்லை. மக்களோடு பேசுவதையும், அளந்த எண்ணை அச்சமூட்டாமலும் மறைக்காமலும் எடுத்துச் சொல்வதையும் அவர்கள் கற்றார்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: குழு உறுப்பினர்

நான் ஒரு பெண் பேராசிரியர். காற்று மாசின் நலவியல் விளைவுகளை ஆராய்கிறேன். இதுவரை எழுதியவர்கள் குழுப் பணியை வெறும் இடையூறாகக் கடந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. அதைக் குறித்துத்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஆய்வுகள் அங்கேதான் கரைகின்றன.

முதலில் ஓர் உண்மை. இந்தச் சுமை அனைவர் மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் பணிச்சுமையை ஆராய்ந்து குவாரினோ, போர்டன் ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, பதவியையும் துறையையும் கணக்கில் கொண்ட பிறகும் பெண் ஆசிரியர்கள் ஆண்களைவிட அதிக நிர்வாகப் பணி செய்கிறார்கள் என்றும், அந்த வேறுபாடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் உட்பணிகளில்தான் இருக்கிறது என்றும் காட்டியது. பொறுப்பாகச் செய்து முடிப்பவர் என்று பெயர் எடுத்தவரிடமே அடுத்த குழுவும் வந்து சேரும். ஐந்து குழுக்களில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, உங்கள் துறையில் ஒரு குழுவில்கூட இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது. ஒவ்வொருவரும் எத்தனை குழுக்களில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் துறைக் கூட்டத்தில் வெளிப்படையாக வைக்கச் சொல்லுங்கள். எங்கள் துறையில் அந்தப் பட்டியல் வைக்கப்பட்ட பருவத்திலேயே என்னிடமிருந்த இரண்டு குழுக்கள் வேறு இருவருக்குச் சென்றன. நான் எவரிடமும் மன்றாட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவதாக, எல்லாக் குழுக்களும் ஒன்றல்ல. உங்களைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாதது எது என்று பாருங்கள். சேர்க்கைக் குழுவில் எந்த ஆசிரியரும் இருக்கலாம். வேதிப்பொருள் பாதுகாப்புக் குழுவில், பாதரசக் கழிவை எங்கே சேமிப்பது, அமிலக் கழிவை எப்படி நடுநிலையாக்குவது என்பதை அறிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மாசை ஆராயும் துறையின் கழிவே கழிவுநீர்க் குழாயில் இறங்குமானால் நம் கட்டுரைகளுக்கு என்ன பொருள் இருக்கிறது? அந்தக் குழுவை விட்டுவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே செய்யும் பணி இன்னொரு வகை. கட்டுப்பாட்டு அமைப்புகளின் வல்லுநர் குழுக்கள், பொது விசாரணைகள், தர அளவுகளைத் திருத்தும் கலந்தாய்வுகள் ஆகியவை இதில் அடங்கும். நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டி அளவை உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது; 2021இல் அதை 5 ஆகக் குறைத்தது. அந்த எண் குறைந்ததற்குப் பின்னால், வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஊதியமில்லாமல் சான்றுகளைப் படித்து மதிப்பிட்ட பேராசிரியர்கள் பலரின் மாலை நேரங்கள் இருக்கின்றன. புகைமூட்டத்தின் வேதியியலைக் கண்டறிந்த ஆரி ஹாகன்-ஸ்மிட், கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தபடியே பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானார். இத்தகைய பணியைப் பதவி உயர்வு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். 1990இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர், புலமையைக் கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல் என்று நான்காக வகுத்தார். பயன்பாட்டுப் புலமை என்ற தலைப்பின்கீழ் அதைச் சான்றுகளோடு எழுதினால் மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்தே ஆக வேண்டும்.

ஆயினும் இதை முழு நம்பிக்கையோடு சொல்ல என்னால் இயலவில்லை. ஜப்பானில் பாதரசம் கலந்த மீனை உண்டவர்களைத் தாக்கிய மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜுன் உய், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1970 முதல் 1985 வரை மாலை நேரங்களில் பொதுமக்களுக்காக மாசு பற்றிய திறந்த விரிவுரைகளை நடத்தினார். ஆய்வும் கற்பித்தலும் சமூகப் பணியும் அவரிடம் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருந்தன. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உதவியாளர் நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தார். மூன்றையும் இணைத்துவிட்டால் நிறுவனம் அதைப் பாராட்டும் என்று இளைய ஆசிரியர் எவருக்கும் நான் உறுதி கூறமாட்டேன். நிரந்தரப் பணி உறுதியாகாதவர்கள் கட்டுரைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பேராசிரியர் நிலையை அடைந்துவிட்டவர் என்பதால், பின்னால் வருபவர்களுக்காக விதிகளை மாற்றக் கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள்.

மறுமொழி 4
எழுதியவர்: முன்னாள் ஆய்வு மாணவர்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரு மாணவராக என் அனுபவத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் முனைவர் பட்டம் முடித்து இப்போது ஒரு கண்காணிப்பு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன்.

என் நெறியாளர் மிகச் சிறந்த ஆய்வாளர். மிகுந்த அன்பு உடையவர். எந்த அழைப்பையும் அவர் மறுத்ததில்லை. அதன் விளைவாக என் இரண்டாவது கட்டுரையின் வரைவு அவர் மேசையில் ஏழு மாதம் கிடந்தது. அவர் என்மீது அக்கறையில்லாமல் இருந்தார் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஆனால் அந்த ஏழு மாதங்களில் என் உதவித்தொகை முடிந்துபோனது. பேராசிரியர்கள் நேரத்தைப் பங்கிடும்போது ஆய்வு என்ற தலைப்பின்கீழ் மாணவர்களை வைக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை அது கற்பித்தல். வாரத்தில் ஒரு மணி நேரம், எந்தக் கூட்டத்துக்காகவும் நகராத ஒரு மணி நேரம், எங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருந்தால் அவருடைய மற்ற எல்லா இல்லாமைகளையும் எங்களால் எளிதாகத் தாங்கியிருக்க முடியும்.

பாதரசப் புட்டிகள் கெடு தாண்டியதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவியிடம் கருவியை இயக்கும் பயிற்சியும் அனுமதியும் இருந்திருந்தால் அவரே அளந்திருப்பார். பல ஆய்வகங்களில் விலையுயர்ந்த கருவியைப் பேராசிரியரோ ஒரே ஒரு மூத்த மாணவரோதான் தொடலாம் என்ற வழக்கம் இருக்கிறது. முதல் ஆண்டிலேயே இருவருக்குப் பயிற்சி கொடுத்து, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் அளவுத்திருத்தத்தைத் தாங்களே சரிபார்க்கும்படி விட்டுவிட்டால், பேராசிரியர் கூட்டத்தில் இருக்கும் நாளிலும் மாதிரி அளக்கப்படும்.

மறுமொழி 5
எழுதியவர்: நுண்துகள்

அனைவருக்கும் என் நன்றி. இரண்டு நாட்களாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கெடுத் தாளையும் பருவ நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், ஐயா. வரும் பருவத்தில் நான்கு வாரங்கள் ஆபத்தானவை என்று தெரிந்தது. அவற்றில் பாதரச மாதிரிகளை நிறுத்தியிருக்கிறேன். ஆற்றில் ஏழாக இருந்த இடங்களை நான்காகக் குறைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது ஆண்டுத் தரவு இருப்பதால் எதை விடுவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. சேர்க்கைக் குழுவிலிருந்தும் இன்னொரு குழுவிலிருந்தும் விடுவிக்குமாறு எழுத்தில் கேட்டிருக்கிறேன். வேதிப்பொருள் பாதுகாப்புக் குழுவில் தொடர்கிறேன். குழுப் பட்டியலை வெளிப்படையாக வைக்கச் சொல்வது என் துறையில் மனத்தாங்கலை உண்டாக்கும் என்று அறிவேன். ஆனால் அம்மையார் எழுதியது சரி. இந்த நிலையில் இருக்கும் நானே கேட்காவிட்டால் இளையவர்கள் கேட்க முடியாது.

முன்னாள் மாணவர் எழுதியதைப் படித்த மறுநாளே என் மாணவியைக் கருவி அறைக்கு அழைத்துச் சென்றேன். மூன்று ஆண்டுகளாக அவர் அந்த அறையின் வாசலில் நின்றுதான் முடிவுகளைப் பெற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் என் மனத்தில் பட்டது.

ஒரே ஒரு ஐயம் மீதி இருக்கிறது. தவறவிட்ட அந்த வெள்ள நாளுக்கு முந்தைய ஆண்டுகளின் வெள்ளத் தரவைக் கொண்டு ஒரு மதிப்பீட்டை நிரப்பிவிடலாம் என்று சக ஆய்வாளர் ஒருவர் சொல்கிறார். நிரப்பாவிட்டால் அந்த ஆண்டின் மொத்த உலோகச் சுமையை, அதாவது ஆறு அந்த ஆண்டில் சுமந்து சென்ற உலோகத்தின் மொத்த அளவை, கணக்கிடவே முடியாது. என்ன செய்வது?

மறுமொழி 6
எழுதியவர்: பழைய நெறியாளர்

தரவு அட்டவணையில் அந்த நாளின் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். ஆண்டுச் சுமையைக் கணக்கிடும் இடத்தில் மட்டும், முந்தைய வெள்ளங்களில் நீரோட்டத்துக்கும் உலோக அளவுக்கும் இருந்த உறவைக் கொண்டு மதிப்பிட்டு, அது அளவீடு அல்ல, மதிப்பீடு என்று எழுதி, அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டு எல்லைகளும் ஒன்றுக்கொன்று மிகவும் தள்ளி இருக்கும்; இருக்கட்டும். களக் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேரே, மாதிரி எடுக்கப்படவில்லை, பொறுப்பாளர் கூட்டத்தில் இருந்தார் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதி வையுங்கள். தானியங்கிக் கருவிக்கான அடுத்த நிதி விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தின் படியை இணைக்கலாம்.